ராசியான கால்

யாவோர்யே
2 நவம்பர் 1986

அன்புள்ள தம்பி வுகோமனுக்கு,

அண்ணி ஸ்தாமெனா எழுதுவது. மாமா அடுப்பருகே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நாங்கள் அனைவரும் நலம். உன் அண்ணன் ரதென்கோ மரம் ஏற்றப் போயிருக்கிறார். பனி இன்னும் விழவில்லை, ஆனால் காற்றில் வாசனை வந்துவிட்டது.

நம் குழந்தை விதாவின் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஜனவரி இருபது, பெல்கிரேட். இதயத்தில் உள்ள ஓட்டையை அடைப்பார்களாம். ஒன்பது வயதுக்குள் செய்வதுதான் நல்லது, தள்ளிப்போடக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னார்.

நம் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் அதற்குப் பதின்மூன்று நாள் முன்னால், ஜனவரி ஏழில் வருகிறது. மாமா எழுதச் சொல்வது: "அவனை ஆறாம் தேதியே வந்துரச் சொல்லு. ஏழாம் தேதி விடியுமுன்னே அவன் கால்தான் இந்த வாசல்ல முதல்ல படணும். போன தடவை மாதிரி குடிச்சிட்டுத் தூங்கிட வேணாம்னு எழுது." எழுதிவிட்டேன்.

நீ முதல் விருந்தாளியாக வந்த வருஷம்தான் இந்த வீட்டில் விதா பிறந்தாள் என்பதை மாமா நினைவூட்டச் சொல்கிறார். மூன்று பிள்ளைகளைப் புதைத்த பிறகு. நீ மறந்திருக்க மாட்டாய் என்றேன். "மறந்திருந்தா?" என்கிறார்.

உனக்குக் காலுறை பின்னி முடித்தாயிற்று. சட்டைத் துணி எடுத்தாயிற்று. இந்த முறை உனக்கென்று ஒரு பன்றித் தொடை முழுதாகப் புகையில் தொங்குகிறது. நெவென்காவுக்கும் யாகொதாவுக்கும் அன்பு.

ஸ்தாமெனா

*

க்ரால்யேவோ
16 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணிக்கும் பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும்,

கடிதம் கிடைத்தது. விதாவுக்கு நாள் கிடைத்தது பெரிய விஷயம். இங்கே எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் தன் மகனுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் பற்றி யோசித்துச் சொல்கிறேன். வேலை கொஞ்சம் நெருக்கடி. ஜனவரி ஏழு இங்கே சாதாரண வேலை நாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சொல்லித்தான் விடுப்பு வாங்குகிறேன். இதுவரை நான்கு அத்தைகளை அடக்கம் செய்துவிட்டேன். போன வருஷம் எங்கள் மேஸ்திரி கேட்டே விட்டார்: "ஏம்பா வுகோமன், உங்க மலையில அத்தைங்க எல்லாம் ஜனவரி ஏழாந்தேதி பாத்துத்தான் சாவாங்களா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்று தோன்றுகிறது, பெரியப்பா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலைக்கார மிலாதின் திடமான ஆள், நல்ல மனசு, பக்கத்திலேயே இருக்கிறார். அவரை வரச் சொன்னால் என்ன? என் கால் மட்டும் ராசி என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இந்த வருஷம் எனக்கே ஒன்றும் சரியாக அமையவில்லை. கோடையில் விரல் நசுங்கியது. வீட்டில் நெவென்காவுக்கு மூட்டு வலி.

நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

உங்கள்
வுகோமன்

*

யாவோர்யே
27 நவம்பர் 1986

வுகோமன்,

இதை மாட்டுத் தொழுவத்தில், பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இனிமேல் வரும் கடிதங்களை என் கையில் மட்டும் கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆகவே மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தை ரதென்கோ வழக்கம்போல் உரக்கப் படித்தார். "மிலாதினை வரச் சொன்னால் என்ன" என்ற இடத்தில் மாமா கையை உயர்த்தினார். ரதென்கோ நிறுத்தினார். இந்த வீட்டில் அந்தக் கை உயர்ந்தால் நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளையும் வாயை மூடிக்கொள்வார்.

"எம்பத்திரண்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் மாமா. எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் உன் பேருந்து தாமதமாகி நீ பத்து மணிக்கு வந்தாய். அதற்குள் ஒரு விறகுவெட்டி தீப்பெட்டி கேட்டு உள்ளே வந்துவிட்டான். ஜூனில் இடி விழுந்து பதினோரு ஆடுகள் செத்தன.

பிறகு சொன்னார்: "அவன் வரலேன்னா பிள்ளையை அனுப்ப மாட்டேன். ராசி மாறின வருஷத்துல அந்தச் சின்ன நெஞ்சைக் கத்தியால கிழிக்க விடமாட்டேன். அவ எங்கூடயே, இந்த அடுப்புப் பக்கமே இருக்கட்டும், எத்தனை நாளோ அத்தனை நாள்."

நான் ரதென்கோவைப் பார்த்தேன். அவர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனிக்காலத்தில் இங்கிருந்து பேருந்துச் சாலைக்குப் பதினான்கு கிலோமீட்டர். குதிரை மாமாவுடையது. சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ரதென்கோ. எனக்கு எது சொந்தம் என்று நீயே எண்ணிப் பார். இந்த வாளியா? அதுகூட மாடு வைத்திருக்கும் வீட்டுடையது.

விதா இப்போது கிணற்றடி வரை நடந்தாலே நின்றுவிடுகிறாள். உதடு நீலமாகிறது. "அம்மா, நான் சும்மாதான் நிக்கிறேன், பறவையைப் பாக்குறேன்" என்கிறாள். பறவை ஒன்றும் இருக்காது.

மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும். ஐந்தாவது அத்தையைக் கொன்றுவிட்டு வா.

ஸ்தாமெனா

*

க்ரால்யேவோ
10 டிசம்பர் 1986

அண்ணி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

முதலில் யாகொதா. போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில், நான் ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்று நெவென்காவிடம் மெதுவாகச் சொன்னேன். குழந்தை காதில் விழுந்துவிட்டது.

"அப்பா, கிறிஸ்துமஸ் காலையில நம்ம வீட்டுல யார் முதல்ல வருவாங்க?"

"யாராவது வருவாங்கம்மா."

"யாரும் வர்றதில்ல. கீழ்வீட்டுப் பாட்டி மட்டும் வாசல்ல நின்னு, உங்கப்பா எங்கேன்னு கேப்பாங்க. அம்மா, ராசி குடுக்கப் போயிருக்காருன்னு சொல்லும். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ரொட்டியை உடைப்போம். அதுக்குள்ள வச்ச காசு எப்பவும் எனக்குத்தான் வரும். ரெண்டே பேர்னா அப்படித்தானே?"

நெவென்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் குடுக்குற. நல்லதுதான், நான் வேணாங்கல. அந்த நாள்ல இந்த வீட்டு வாசல்ல உன் கால் படாம எட்டு வருஷமாச்சு, அதையும் ஞாபகம் வச்சுக்க."

உங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டுவரும் பன்றித் தொடையை அவள் தொடுவதில்லை. அண்டை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவாள். உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

இரண்டாவது விஷயம்தான் கடினம். அண்ணி, எழுபத்தெட்டில் உங்கள் வாசலை முதலில் மிதித்தது நான் இல்லை.

அன்று நாங்கள் என் அம்மா வீட்டில் தங்கியிருந்தோம். நெவென்காவுக்கு ஐந்தாம் மாதம். இருட்டு விலகும் முன் அவளுக்கு முட்டைக்கோஸ் ஊறின புளிப்புத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. அம்மாவிடம் ஜாடி தீர்ந்திருந்தது. என்னை எழுப்பாமல் முற்றத்தைத் தாண்டி உங்கள் சமையற்கட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே போய்க் குடித்துவிட்டுத் திரும்பினாள். ஒரு மணி நேரம் கழித்து நான் வந்து அடுப்பிலிருந்த ஓக் கட்டையைத் தட்டி, தீப்பொறி பறக்க, எத்தனை பொறியோ அத்தனை பிள்ளை என்று வாழ்த்துச் சொன்னேன். பெரியப்பா அழுதார். திரும்பும் வழியில் பேருந்தில்தான் நெவென்கா நடந்ததைச் சொன்னாள். சொன்னால் என்ன ஆகும் என்று பயந்து இருவரும் விட்டுவிட்டோம். பிறகு விதா பிறந்துவிட்டாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

ஒன்பது வருஷமாக என்னுடையதல்லாத ஒன்றுக்காகக் காலுறை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கனத்த போர்வையை என்மேல் போர்த்தி, பாலாடை இப்படிக் கெட்டியாகட்டும் என்று நீங்கள் எல்லோரும் சிரிக்கும்போது உள்ளே எனக்கு மூச்சு முட்டும்.

அறுவைச் சிகிச்சை எப்படி முடிந்தாலும் அது என் கால் என்று சொல்வார்கள். இதை என்னால் சுமக்க முடியவில்லை.

வுகோமன்

*

யாவோர்யே
19 டிசம்பர் 1986

வுகோமன்,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். இதையும் நீ அப்படியே செய்.

எனக்குத் தெரியும். எப்போதுமே தெரியும். கதவைத் திறந்தது யார் என்று நினைத்தாய்? ஜாடியிலிருந்து முகந்து கொடுத்தது யார்? அவள் இரண்டு குவளை குடித்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே, "அக்கா, இங்க பாரு, உதைக்குது" என்று என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். மூன்றைப் புதைத்த கை அது. யாரும் தன் வயிற்றருகே விடாத கை. அவள் போன பிறகு வாசற்படியிலிருந்து முற்றத்தின் பாதி வரை பனியில் பதிந்திருந்த அவள் காலடிகளை நான்தான் துடைப்பத்தால் அழித்தேன்.

நீங்கள் இருவரும் எதற்குப் பயந்தீர்களோ அதற்குத்தான் நானும். பெண்ணொருத்தி முதலில் வந்தாள் என்று தெரிந்தால் அந்த வருஷம் செத்த கோழிக்குக்கூட அவள்தான் காரணமாகியிருப்பாள், அவளுக்குக் கதவு திறந்த நானும். இப்போது தெரிந்தால் என்ன சொல்வார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை எங்கிருந்து வந்தது என்று எட்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் நெவென்காவைக் கொடுக்கச் சொல்கிறாயா?

முதலில் மிதித்தது நெவென்காவா, அவள் வயிற்றிலிருந்த யாகொதாவா என்பதே எனக்குக் குழப்பம். அதை விடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் விடியலில் உன் பூட்ஸ் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். பொய் என்று தெரிந்த ஒன்றை நம்பாமலிருக்க எனக்குத் தெரியவில்லை.

யாகொதா சொன்னதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். அவளுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாததால் உன்னிடம் கேட்கிறேன்: இந்த ஒரு தடவை. விதா பெல்கிரேட் போய்ச் சேரட்டும். அதற்குப் பிறகு நீ வர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்தாமெனா

*

க்ரால்யேவோ
29 டிசம்பர் 1986

அண்ணி,

வருகிறேன். ஆறாம் தேதி காலைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நோவா வரோஷில் இறங்கி, பால் லாரியில் மேலே வந்துவிடுவேன்.

மேஸ்திரியிடம் இந்த முறை அத்தையைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். விடுப்புச் சீட்டை என் பக்கம் தள்ளி, "போய்ட்டு வா. ஆனா அத்தைன்னே எழுதிக் குடு" என்றார்.

யாகொதாவிடம் அடுத்த வருஷம் நிச்சயம் என்றேன். "சரி" என்றாள். அந்தச் "சரி"க்குப் பதிலாக அவள் அழுதிருக்கலாம்.

வுகோமன்

*

நோவா வரோஷ், பேருந்து நிலையம்
7 ஜனவரி 1987, காலை

அண்ணி,

இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு இங்கே இறங்கினேன். மூன்று மணிக்கு மேலே போகும் சாலையை மூடிவிட்டார்கள். பனியைத் தள்ளப் போன வண்டியே பள்ளத்தில் சரிந்து கிடக்கிறது. பால் லாரிக்காரனிடம் கெஞ்சினேன். "எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க அண்ணே" என்றான். நடக்கலாம் என்று கிளம்பி, கடைசித் தெருவிளக்கு வரை போனேன். பனி இடுப்புக்கு வந்தது. திரும்பிவிட்டேன். இன்னொருவன் திரும்பியிருக்க மாட்டானோ என்று இரவெல்லாம் யோசித்தேன்.

க்ரால்யேவோ பக்கமும் சாலை அடைபட்டுவிட்டது. ஆக இரண்டு வீட்டிலும் நான் இல்லை.

இப்போது மணி ஆறேகால். வழக்கமாக உங்கள் முற்றத்தில் நிற்கும் நேரம். காத்திருப்போர் அறையில் ஒன்பது பேர் இருக்கிறோம். ஓட்டுநர் ஒருவர் தன் ரொட்டியைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். நெவென்கா வழிக்கென்று கட்டிக்கொடுத்த வால்நட் பணியாரத்தை நான் கொடுத்தேன். "வீட்டுல ரொம்ப நல்ல கை" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். கூட்டிப் பெருக்கும் அம்மாள் வந்து, "கிறிஸ்து பிறந்தார்! காலைத் தூக்குங்க எல்லாரும், தரை துடைக்கணும்" என்றாள். தூக்கினோம்.

பெரியப்பா என்ன செய்திருப்பார்? விதாவை விட்டுவிடாதீர்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

வுகோமன்

*

யாவோர்யே
11 ஜனவரி 1987

அன்புள்ள வுகோமனுக்கு,

சாலை நேற்று திறந்தது, உன் கடிதம் இன்று வந்தது. இதைச் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏழாம் தேதி நான்கு மணிக்கே மாமா எழுந்து, கோட்டு போட்டு, கதவை உள்ளே பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "வுகோமன் வர்ற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. யாரும் வெளிய போகவும் கூடாது, போனவங்க திரும்பி வரணுமில்ல" என்றார். நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

ஏழு மணியானது. எட்டானது. ரொட்டி மேசையில் இருந்தது. முதல் விருந்தாளி வராமல் உடைக்கக் கூடாது. விதா பண்டிகைக்காகத் தரையில் பரப்பிய வைக்கோலில் படுத்து வால்நட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் விரதச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றுமில்லை. ஒன்பதுக்கு மிலாதின் வந்து தட்டினார். "போயிடு!" என்று மாமா கத்தினார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பெரியவரே!" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார். பத்து மணிக்கு மாடுகள் கத்த ஆரம்பித்தன. பால் கட்டிக்கொண்டால் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியும். சாலை மூடியிருக்கும் என்று ரதென்கோ சொன்னார். "மூடினா என்ன? வர்றவன் வருவான்" என்றார் மாமா.

பதினொன்றரைக்கு விதா கேட்டாள்: "தாத்தா, சித்தப்பா வரலேன்னா நான் டாக்டர்கிட்ட போக வேணாமா?" மாமா அவள் தலையைத் தடவினார். "வேணாண்டி தங்கம். தாத்தாகூடவே இருக்கலாம்." அவள், "சரி" என்றாள். உன் மகள் சொன்ன அதே சரியாகத்தான் இருக்கும்.

நான் சரக்கறைக்குப் போனேன். அங்கே ஜன்னல் சின்னது, ஆனால் நானும் ஒன்றும் பருமன் இல்லை. சீப்பாய்த் தொங்கிய பனிக்கட்டியை உடைத்துவிட்டு வெளியே குதித்தேன். ஒரு முழங்கால் உரிந்துவிட்டது. முதலில் தொழுவத்துக்குப் போய் மாடுகளைக் கறந்தேன். அவசரமில்லாமல் கறந்தேன். பிறகு வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றார் மாமா.

"கிறிஸ்து பிறந்தார்!" என்றேன்.

அதற்குப் பதில் சொல்லாமலிருக்க இந்த மலையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. கடைசியில், "மெய்யாகவே பிறந்தார்" என்று கேட்டது. சாவி திரும்பியது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படிப் போனது என்று எழுத மாட்டேன். "நீ இந்த வீட்டுக்காரி. நீ எப்படி விருந்தாளி ஆவ?" என்றார்.

"இருபத்தோரு வருஷத்துல இன்னைக்குத்தான் மாமா என்னை வீட்டுக்காரின்னு சொல்லியிருக்கீங்க. இது வரைக்கும் விருந்தாளிதான்" என்றேன்.

"பொம்பளை..." என்று ஆரம்பித்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போய், இடுக்கியை எடுத்து, கட்டையைத் தட்டினேன். பொறி பறந்தது. நீ சொல்லும் வாழ்த்து எதுவும் நினைவுக்கு வரவில்லை. "இவ இருபதாந்தேதி போகணும், இருபதாந்தேதி கண்ணு முழிக்கணும்" என்று மட்டும் சொன்னேன். இன்னும் இரண்டு முறை தட்டினேன்.

அப்போது ரதென்கோ எழுந்தார். மாமாவின் கை உயர்ந்திருந்தது, நான் பார்த்தேன். ரதென்கோவும் பார்த்தார். "அப்பா, விருந்தாளி வந்தாச்சு. பிள்ளை பசியோட இருக்கா" என்று சொல்லி அவரே ரொட்டியை எடுத்து உடைத்தார். காசு யாருக்கு வந்தது என்று யாரும் தேடவில்லை. சாப்பிட்டோம்.

முதல் விருந்தாளிக்குப் பரிசு கொடுக்காமல் விடக் கூடாதே. உனக்காகப் பின்னிய காலுறையை ரதென்கோ எனக்குக் கொடுத்தார். போட்டுக்கொண்டிருக்கிறேன், குதிகால் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. பன்றித் தொடையை மிலாதின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அவரைத் துரத்தியதற்கு.

மாமா நேற்று மாலைதான் என்னிடம் வாய் திறந்தார். "பத்தொன்பதாந்தேதி குதிரையைப் பூட்டிக்கங்க. அவன் கையெழுத்துப் போடட்டும். ஆனா நல்லாக் கேட்டுக்க. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது உன் கால். நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன், செத்தப்புறம் இவங்க சொல்லுவாங்க."

"சரி மாமா, என் கால்தான்" என்றேன்.

நான் இதைத் துணிச்சலாகச் சொன்னேன் என்று நினைக்காதே. சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய், கறந்த மாட்டையே மறுபடி கறக்க உட்கார்ந்தேன். விதா நலமாகத் திரும்பினால் வருஷா வருஷம் அந்த ஜன்னல் வழியாக நான் குதிக்க வேண்டியிருக்கும். திரும்பாவிட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன். எதுவானாலும் அது இனி உன்னுடையதல்ல. நெவென்காவிடமும் சொல்.

அடுத்த ஜனவரி ஆறாம் தேதி நீ எந்தப் பேருந்திலும் ஏறக் கூடாது. ஏறி வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன். யாகொதாவை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய், ஒரு மாடி இறங்கி, திரும்ப ஏறி வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டு.

பெல்கிரேட்டில் காலை எட்டு மணிக்கு அவளை அறுவை அறைக்குள் அழைத்துப் போவார்களாம். வாசல் வரை தாய் வரலாம் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது.

ஸ்தாமெனா